அபாயம் தெரிந்தே உள்ளே செல்கிறேன்

"உயிரே போனாலும் சரி, அந்தப் பொத்தானை என் விரல் அழுத்தாது. நாளைக்கு என்னைத் தூக்கிட்டுப் போறப்பகூட இது சுத்தமான விரலாத்தான் போகும்."

அலுவலக ஆண்டுவிழாவில், மைக்கை ஒரு கையிலும் மேற்படி விரலை மறு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலாவதியார் சொன்ன வார்த்தைகள் இவை. முப்பத்துநான்கு பேர் கைதட்டினார்கள். அதில் இருபது பேர் பேச்சு முடிந்தால் சாப்பாடு என்பதற்காகத் தட்டினார்கள் என்பது பொறாமைக்காரர்கள் கிளப்பிவிட்ட கதை.

காலாவதியார் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது, அங்கேயே இருந்துகொண்டது. அவர் வேலை பார்த்த நிறுவனம் பல் மருத்துவர்கள், குளிர்பதனக் கிடங்குகள், டியூஷன் நிலையங்கள், ஒரு சவுரிமுடி வியாபாரி என்று நூற்று இருபத்தாறு பேருக்கு இணையதளம் அமைத்துப் பராமரித்து வந்தது. அந்த நூற்று இருபத்தாறு தளங்களின் சான்றிதழ்களும் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வதே அவருடைய உத்தியோகம்.

சான்றிதழ் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. 'நான் இன்னார்தான்' என்று சொல்லும் அடையாள அட்டை ஒன்றை ஒவ்வொரு தளமும் வைத்திருக்கிறது. நாம் உள்ளே நுழையும்போது, நமக்குத் தெரியாமலேயே பிரவுசர் அந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறது. அட்டையில் தேதி முடிந்திருந்தால் சிவப்பாக ஒரு பக்கம் வந்து வழிமறிக்கும். இங்கே உங்களை யாராவது ஏமாற்றலாம், திருடலாம், தயவுசெய்து திரும்பிப் போங்கள் என்று மன்றாடும். அதற்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில், 'அபாயம் தெரிந்தே உள்ளே செல்கிறேன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். காலாவதியாரின் விரல் சபதம் செய்திருந்தது அந்தப் பொத்தான் விஷயத்தில்தான்.

தன் வேலைக்காக ஒன்பது வருடம் முன்பு அவரே ஒரு புரோகிராம் எழுதினார். மொத்தம் நாற்பத்தொரு வரி. தினமும் காலையில் அது ஒவ்வொரு தளத்தின் கதவையும் தட்டி, அட்டையை வாங்கி, பிரித்துப் படிக்கும். யாருக்குக் கொடுத்தது, யார் கொடுத்தது, எதுவரை செல்லும் என்று மூன்றே கேள்வி. நாள் மிச்சமிருந்தால் பச்சையில் எழுதும், இல்லாவிட்டால் சிவப்பில். ஒன்பது வருடமாகச் சிவப்பு எழுத அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

இரண்டாம் வருடம் அந்தப் புரோகிராமில் அவர் இரண்டு சீர்திருத்தங்கள் செய்தார். தளங்களைப் பெயர் சொல்லித் தேடாமல், சர்வரின் எண்முகவரியை வைத்தே தேடும்படி மாற்றினார். "பேரு பொய் சொல்லும், நம்பர் பொய் சொல்லாது" என்பது அவர் கட்சி. அடுத்து, நாள் கணக்கு கண்ணாடி போடாமலே தெரிவதற்காக எழுத்தைப் பெரிதாக்கினார். திரையில் இடம் போதவில்லை. எனவே 'யாருக்குக் கொடுத்தது' என்ற கட்டத்தைத் தூக்கிவிட்டார். அலுவலகத் தளம் ஒவ்வொன்றும் தனித்தனி சர்வரில் தனிக்குடித்தனம் நடத்தி வந்ததால் இந்த இரண்டு சீர்திருத்தங்களாலும் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. கெடுதல் வராத சீர்திருத்தத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

மூன்று கேள்வியும் அலுவலகத்தோடு நிற்கவில்லை. குழாய் ரிப்பேர் செய்ய வந்தவரிடம் கேட்டார். சினிமா தியேட்டரில் இடைவேளையின்போது தீயணைப்பு உருளையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். திருமணத்தைப் பதிவு செய்த அன்று, புது மனைவி பக்கத்தில் நிற்க, திருமணச் சான்றிதழை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "சார், இதுல முடியற தேதி போடலியே?" என்று பதிவாளரிடம் கேட்டார். இருபத்தாறு வருடமாகியும் அந்த அம்மாள் அதை மறக்கவில்லை. மன்னித்தாரா என்பது தனி விசாரணை.

அலுவலகத்தாருக்கு அவர் கொடுத்த பயிற்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் போலியாக ஒரு கடிதம் அனுப்புவார். 'உங்கள் சம்பள உயர்வைப் பார்க்க இங்கே தட்டவும்' என்றிருக்கும். தட்டினால் சிவப்புப் பக்கம் வரும். அதையும் மீறிப் பொத்தானை அழுத்தியவர்களின் பெயர், குடிதண்ணீர் எந்திரத்துக்கு மேலே மாட்டிய 'அழுத்தியோர்' பலகையில் திங்கட்கிழமை காலை ஏறும். முதல் மாதம் பத்தொன்பது பெயர், முதலாளி உட்பட. மூன்றாம் வருடம் பலகை காலி. நான்காம் வருடம் நிஜமாகவே சம்பள உயர்வுக் கடிதம் வந்தபோது முப்பத்துநான்கு பேரில் ஒருவர்கூட அதைத் திறக்கவில்லை. காலாவதியார் கண் கலங்கிப்போனார்.

இப்படியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் குறுக்கே வந்தது தண்ணீர்.

அவர் மனைவி பள்ளி நாட்களில் நீச்சலில் கோப்பைகள் வாங்கியவர். அதன்பின் இருபத்திரண்டு வருடம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அடுத்தவர்களின் ரத்தத்துக்கு லேபிள் ஒட்டினார். ஐம்பது வயதில், ஒருநாள் லேபிள் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, ஐம்பது தாண்டியும் நீச்சல் தெரியாதவர்களுக்கு ஒரு பள்ளி நடத்தப்போவதாக அறிவித்தார்.

"நீங்களும் சேருங்க. ஐம்பத்திமூணு ஆச்சு, இன்னும் முழங்காலுக்கு மேல தண்ணி பட்டா அலறுறீங்க."

"தண்ணிய எப்படி நம்பறது? அதுக்கு யாரு சான்றிதழ் குடுத்திருக்காங்க?"

"உங்க பக்கெட்டுல இருக்கறதும் தண்ணிதானே?"

"அதோட ஆழம் எனக்குத் தெரியும்."

அத்துடன் பேச்சு முடிந்தது. ஆனால் பள்ளிக்கு ஓர் இணையதளம் வேண்டும், அதன் சான்றிதழ் தன் பொறுப்பு என்று அவராகவே முன்வந்தார். மலிவான இடமாகப் பார்த்துத் தளத்தைக் குடியமர்த்தினார். அது நாற்பது தளங்கள் ஒரே சர்வரில், ஒரே எண்ணில் வாழும் அடுக்குமாடி. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை சான்றிதழைத் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதியும் அங்கே இருந்தது. காலாவதியார் முதல் வேலையாக அதை அணைத்தார். "தானா நடக்கறதெல்லாம் நம்மளக் கேக்காம நடக்கறது" என்பது அவர் விளக்கம்.

மறுநாள் முதல், காலைக் காப்பியோடு மனைவிக்கு அறிக்கை வாசித்தார்.

"உன் பள்ளிக்கூடம் பச்சை. முந்நூத்தி மூணு நாள் மிச்சம்."

"மூணு மாசத்துக்குத்தானே குடுத்தாங்க? முந்நூறு நாள் எங்கேர்ந்து வந்துச்சு?"

காலாவதியார் காப்பியை ஒரு வாய் குடித்தார். "பராமரிப்பு அப்படி" என்றார்.

பள்ளிக்கு இடம் கொடுக்க முன்வந்தது ஒரு நீச்சல்குளம். காலை ஏழு முதல் எட்டு வரையிலான மணிநேரத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் இந்த அம்மாள். மற்றவர்கள் தண்ணீருக்குள் நின்றபடி நடனம் ஆடும் ஒரு குழுவினர். குளத்து மேனேஜர் தீர்ப்புச் சொன்னார்: வரும் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அம்மாளின் தளத்தில் பன்னிரண்டு பேர் பதிவு செய்தால் இடம் அம்மாளுக்கு. ஒரு ஆள் குறைந்தாலும் நடனத்துக்கு.

"நேர்ல வந்து பேரு குடுத்தா எழுதிக்கக் கூடாதா சார்?" என்று அம்மாள் கேட்டார்.

"எங்க ஆபீஸ்ல பேப்பரே கிடையாதும்மா. ஈரமாயிடும்."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பதிவு தொடங்கியது. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காலாவதியாரும் குளத்துக்கு வந்திருந்தார். தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்தில், சுவரோடு சுவராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடியில் கணினியோடு உட்கார்ந்தார். மனைவி விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மிதவைப் பலகைகளைக் கரையோரம் வரிசையாக அடுக்கினார். மொத்தம் பன்னிரண்டு பலகை. பதிவு விழும்போதெல்லாம் அவர் செல்பேசி ஒருமுறை கிணுங்கியது. பத்தரைக்குள் ஒன்பது கிணுங்கல்.

பத்தரைக்குப் பிறகு கிணுங்கல் இல்லை. பதிலாக அழைப்புகள் வந்தன. நான்காவது அழைப்பை முடித்துக்கொண்டு மனைவி நாற்காலிக்கு வந்தார்.

"எல்லாருக்கும் செவப்பா ஏதோ வருதாம். திருட்டுப் பக்கம்னு சொல்லுதாம்."

"வாய்ப்பே இல்ல. பாரு, பச்சை. இருநூத்திப் பதிமூணு நாள்."

"என் கண்ணுல ஏன் காட்டறீங்க? அவங்க கண்ணுல செவப்பா இருக்கே."

காலாவதியார் பல வருடங்களுக்குப் பிறகு முதல் முறையாக, வந்த அட்டையை முழுசாகப் பிரித்துத் திரையில் போட்டார். எதுவரை: இன்னும் இருநூற்றுப் பதின்மூன்று நாள். யார் கொடுத்தது: கௌரவமான இடம். யாருக்கு: அடுக்குமாடியின் காவலாளிக்கு.

நடந்தது இதுதான். நாற்பது குடித்தனம் உள்ள கட்டடத்துக்குப் போய், எந்த வீடு என்று சொல்லாமல் வாசலில் தட்டினால் யார் வருவார்? காவலாளி வருவார். அட்டையைக் காட்டு என்றால் எந்த அட்டையைக் காட்டுவார்? தன் அட்டையைத்தான். தொண்ணூறு நாளாகக் காலாவதியாரின் புரோகிராம் அந்தக் காவலாளியின் ஆரோக்கியத்தை விசாரித்துவிட்டு, மனைவியின் பள்ளிக்கூடம் நலம் என்று வந்து சொல்லிக்கொண்டிருந்தது.

பெயரையும் சொல்லித் தட்டும்படி ஒரு வரியைச் சேர்த்தார். புரோகிராமுக்கு நாற்பத்திரண்டு வரி ஆனது. ஓட்டினார். ஒன்பது வருடமாகக் காத்திருந்த சிவப்பு, திரை முழுக்க நிறைந்தது. பத்து முப்பத்தொன்றுக்கே காலாவதி.

"என்னங்க ஆச்சு?"

"தளம் நல்லாத்தான் இருக்கு" என்றார் காலாவதியார். "அட்டைதான் தீர்ந்துபோச்சு."

மனைவி அவரைத் திட்டவில்லை. விசிலை மட்டும் ஒருமுறை மெதுவாக ஊதிப் பார்த்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

காலாவதியார் உடனே இணைய இடம் கொடுத்தவர்களின் உதவி எண்ணுக்குப் பேசினார். எதிர்முனைப் பெண் நிதானமானவர்.

"அஞ்சு நிமிஷ வேலை சார். உங்க தளத்தோட நிர்வாகப் பக்கத்துக்குப் போங்க. செவப்பா வரும். கீழ சின்னதா ஒரு பட்டன் இருக்கும், அத அழுத்தி உள்ள போய்ப் புதுப்பிச்சுடுங்க."

"எந்தப் பட்டன்?"

"அபாயம் தெரிந்தே உள்ளே செல்கிறேன்."

அதன்பிறகு நடந்தது உரையாடல் அல்ல, ஆண்டுவிழா உரை. ஒரு சான்றிதழ் செத்திருக்கும்போது அந்தக் கதவின் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம், கடவுச்சொல்லை அங்கே தட்டுவது எப்பேர்ப்பட்ட மடமை, இதை ஓர் உதவி எண்ணே சொல்லலாமா என்று பத்தொன்பது நிமிடம் பேசினார். அந்தப் பெண் குறுக்கே பேசவே இல்லை. கடைசியில், "சரிங்க சார், நாங்களே இங்கேர்ந்து பண்ணித் தர்றோம். வரிசைல போட்டிருக்கேன். ரெண்டு மணிக்கு உங்க முறை வரும்" என்றார்.

"பன்னிரண்டுக்குள்ள வேணும்மா."

"பத்தொன்பது நிமிஷம் முன்னாடி வரிசைல ஆளே இல்ல சார்."

மணி பதினொன்று இருபது.

நடுவில் ஒரு கிணுங்கல். பத்தாவது ஆள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதால் சிவப்பையும் படிக்காமல், பொத்தானையும் படிக்காமல், கண்ட இடமெல்லாம் அழுத்திப் பள்ளியில் சேர்ந்திருந்தார்.

மனைவியின் அண்ணன் நேரிலேயே வந்து சேர்ந்தார். செய்யாதே என்று எழுதியிருந்தால் அதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். குளத்தங்கரையில் நின்றபடியே செல்பேசியில் அழுத்தினார். பதினொன்று.

"மாப்பிள்ள, ரொம்ப அழகா மிரட்டுதே உங்க தளம்."

"உங்க வீட்டுக்காரம்மா சேரலியா மச்சான்?" என்றார் காலாவதியார், கௌரவத்தைத் தரையில் வைத்துவிட்டு. "ஒரு ஆள்தான் குறையுது."

"அம்பது தாண்டினவங்களுக்குத்தானே? அவ நாப்பத்தொம்பதுன்னு சொல்லிட்டிருக்கா. பதினோரு வருஷமா. இப்பப் போய் அந்தப் படிவத்துல உண்மைய எழுதச் சொன்னா, நான் உங்க வீட்டுலதான் வந்து தங்கணும்."

மணி பதினொன்று நாற்பது. குளத்து மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். வாசலில் நடனக் குழுவினர் நால்வர் துண்டு சகிதம் வந்து நின்றார்கள்.

காலாவதியாருக்கு அப்போதுதான் தன் அலுவலகம் நினைவுக்கு வந்தது. பள்ளியில் சேருவதாக அங்கே இரண்டு பேர் முன்பே சொல்லியிருந்தார்கள். கணக்காளர் அம்மாளுக்குப் போன் போட்டார்.

"அம்மா, என் வீட்டுக்காரம்மா பள்ளிக்கூடத்துல சேரறேன்னு சொன்னீங்களே."

"ஆமா சார். காலையிலயே பாத்தேன். செவப்பா வந்துச்சு, ஒடனே மூடிட்டேன்." குரலில் பெருமை.

"அதுக்குக் கீழ ஒரு பட்டன் இருக்கும்மா. அத அழுத்திடுங்க."

எதிர்முனையில் காலண்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சார், இன்னைக்குத் திங்கக்கிழமை. வெள்ளிக்கிழமைதானே சோதிப்பீங்க?"

"இது சோதனை இல்லம்மா. நெசமாவே அழுத்துங்க."

"'இது சோதனை இல்லை'ன்னு யார் சொன்னாலும் அதுதான் சோதனைன்னு போன மாசம் நீங்கதான் சார் படம் போட்டுக் காட்டினீங்க."

"நான்தாம்மா பேசறேன்."

"'நான்தான்'னு சொல்றதையும் நம்பக்கூடாதுன்னு அடுத்த படம் சார்." கணக்காளர் அம்மாள் வாயைத் திருப்பி யாரிடமோ சொல்வது கேட்டது: "நம்ம சார் குரல்லயே பேசறான்யா. அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்." தொடர்பு அறுந்தது.

அடுத்து டிரைவருக்குப் போட்டார். டிரைவர் அதற்குள் எச்சரிக்கப்பட்டிருந்தார். "உன்ன மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன், வைடா போன" என்று சொல்லி வைத்தார். ஒன்பது வருட உழைப்பின் பலனை ஒரு மனிதன் இவ்வளவு தெளிவாகக் காதால் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

மணி பதினொன்று ஐம்பத்து நான்கு.

கரையில் மனைவி மிதவைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போடத் தொடங்கியிருந்தார். அண்ணன் சாக்கின் வாயைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது பலகையை எடுத்த மனைவி, அதைச் சாக்கில் போடாமல், ஈரம் இல்லாத பலகையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நின்றார். காலாவதியார் அதைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்ததைப் பார்த்தார்.

தளத்தைத் திறந்தார். சிவப்புப் பக்கம் வந்து, திரும்பிப் போய்விடும்படி அவரிடமும் மன்றாடியது. அதன் வாசகம் முழுவதையும், அவர் சான்றிதழ் படிக்கிற அதே கவனத்தோடு, ஒரு வரி விடாமல் படித்தார். கீழே போனார். சின்ன எழுத்து. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அக்கம்பக்கம் பார்த்தார். மேனேஜர் கடிகாரத்தையும், நடனக் குழுவினர் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அழுத்தினார். சத்தம்கூட வரவில்லை.

படிவம் வந்தது. பெயர்: எழுதினார். வயது: ஐம்பத்து மூன்று. நீச்சல் அனுபவம்: இல்லை. 'தண்ணீரைக் கண்டால் பயம் உண்டா?' என்று ஒரு கேள்வி. இதை ஏன் படிவத்தில் வைத்தாள் என்று ஒரு கணம் யோசித்தார். 'உண்டு' என்பதைத் தொட்டுவிட்டு அனுப்பினார்.

மனைவியின் செல்பேசி கிணுங்கியது. மேனேஜர் தன் திரையைப் பார்த்துவிட்டு, நடனக் குழுவினரிடம் போய்க் கையை விரித்தார். அண்ணன் சாக்கைக் கவிழ்த்தார்.

மனைவி செல்பேசியில் வைத்த கண் வாங்காமல் படித்துக்கொண்டே நாற்காலி வரை நடந்து வந்தார்.

"ஏங்க, பன்னிரண்டாவதா ஒருத்தர் சேந்திருக்காரு. பேரு உங்க பேரு மாதிரியே இருக்கு."

"இருக்கும்."

"வயசும் உங்க வயசுதான். பயம் உண்டாம்."

"அட்டையப் பாக்காம யாரு எவருன்னு சொல்றதுக்கில்ல" என்றார் காலாவதியார், வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு.